ஏஎச்சிஐ டிரைவரில் ஹாட் ஸ்வாப்: முதலில் கழற்றுவதை எழுதுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் டிஸ்க்கைச் செருகினால் தெரிய வேண்டும், பிடுங்கினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) விழக்கூடாது. ஹாட் ஸ்வாப் என்றால் கேட்க இவ்வளவுதான். எங்கள் சிறிய கெர்னலின் சாட்டா டிரைவரில் இதைச் சேர்க்க ஒரு வாரம் போதும் என்று உட்கார்ந்தேன், இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு புதிதாக வந்த நான்கைந்து பேர் இதே வேலையைச் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எல்லோருமே செருகுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது ஒரே நாளில் வேலை செய்துவிடும். டிஸ்க்கின் பெயர் திரையில் வந்ததும் முக்கால்வாசி முடிந்தது என்று தோன்றும். கால்வாசிகூட முடிந்திருக்காது. போய்விட்ட டிஸ்க்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு அடுக்கையும் கையை விட வைப்பதுதான் உண்மையான வேலை. அதனால் இங்கே கழற்றுவது முன்னால், செருகுவது பின்னால்.

உங்கள் டிரைவர் ஏற்கெனவே பூட் ஆகும்போது டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கிறது, டிஎம்ஏ வழியாக (பிராசஸர் இடையில் வராமல் நேராக நினைவகத்தோடு) படிக்கிறது, எழுதுகிறது, இன்டரப்ட் (வன்பொருள் கவனிக்கச் சொல்லும் அழைப்பு) வாங்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் போலிங்கில் (திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதில்) ஓடுகிறது என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கன்ட்ரோலர் ஏஎச்சிஐ முறையில் (சாட்டா டிஸ்க்குகளோடு பேசும் பொது இடைமுகம்) இருக்க வேண்டும். பிசிஐ கிளாஸ் 01, சப்கிளாஸ் 06, புரோகிராமிங் இன்டர்ஃபேஸ் 01 என்று காட்டினால் சரி. பயாஸில் ஐடிஇ முறையையோ ரெய்டு முறையையோ வைத்திருந்தால் இந்த மூன்றும் இப்படி வராது.

அப்புறம் பயாஸிலேயே பல போர்டுகளில் ஒவ்வொரு சாட்டா போர்ட்டுக்கும் ஹாட் பிளக் என்று தனி ஆப்ஷன் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் போர்ட்டின் கமாண்ட் ரெஜிஸ்டரில் 18-ஆம் பிட் 1 ஆகும். கன்ட்ரோலர் அதை நமக்குச் சொல்லும், நாம் அதை மாற்ற முடியாது. புதியவர் ஒருவர் இரண்டு நாள் டிரைவரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பயாஸ் பக்கம் போனார்.

சோதனைக்கு இரண்டு பழைய டிஸ்க் தேவை. இரண்டும் வேறு மாடல், வேறு கொள்ளளவு. ஒரே மாதிரி இரண்டை வைத்துச் சோதித்தால் எது உள்ளே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. முடிந்தால் பேக்பிளேன் உள்ள ஹாட் ஸ்வாப் டிரே வாங்குங்கள். சாட்டாவின் 7 பின் டேட்டா, 15 பின் பவர் கனெக்டரில் கிரவுண்ட் பின்கள் முதலில் தொடும்படி நீளமாக இருக்கும், ஆனால் டிஸ்க் நேராக உள்ளே போனால்தான் அந்த வரிசை காப்பாற்றப்படும். கையால் சாய்த்துச் செருகும் கேபிளில் அந்த உத்தரவாதம் இல்லை.

சீரியல் கன்சோல் கட்டாயம். நீங்கள் பிடுங்கப்போகும் டிஸ்க்கிலேயே லாக் எழுதிக்கொண்டிருந்தால், படிக்க வேண்டிய கடைசி பத்து வரி அதோடு போய்விடும்.

எமுலேட்டர் பற்றி ஒன்று. குயெமுவில் ஏஎச்சிஐ பஸ்ஸில் டிஸ்க்கை ஓடும்போது சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. அந்த பஸ் ஹாட் பிளக்கை ஏற்காது என்று பிழைச்செய்தி வரும். அது உங்கள் டிரைவரின் தவறல்ல. வர்ச்சுவல்பாக்ஸில் சாட்டா டிஸ்க்குக்கு ஹாட் பிளக் டிக் இருக்கிறது. முதல் சுற்றுச் சோதனைக்கு அது போதும்.

ரெஜிஸ்டர் பெயர்களை விரித்தே எழுதுகிறேன். போர்ட்டின் தொடக்கத்திலிருந்து ஹெக்ஸ் எண்ணில்: இன்டரப்ட் ஸ்டேட்டஸ் 10, இன்டரப்ட் எனேபிள் 14, கமாண்ட் 18, டாஸ்க் ஃபைல் 20, சிக்னேச்சர் 24, சாட்டா ஸ்டேட்டஸ் 28, சாட்டா கன்ட்ரோல் 2சி, சாட்டா எரர் 30, கமாண்ட் இஷ்யூ 38. இன்டெல் வெளியிட்ட ஏஎச்சிஐ 1.3.1 ஆவணத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. போர்ட் வேறு, டிஸ்க் வேறு

குறியீட்டில் கை வைக்கும் முதல் இடம் இதுதான். சின்ன கெர்னல்களில் பெரும்பாலும் ஒரே ஸ்ட்ரக்ட் இருக்கும். போர்ட்டின் முகவரி, கமாண்ட் லிஸ்ட், டிஸ்க்கின் செக்டர் எண்ணிக்கை, மாடல் பெயர் எல்லாம் அதற்குள். பூட்டில் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் கடைசிவரை மாறாது என்ற நம்பிக்கையில் எழுதியது அது.

அதை இரண்டாக வெட்டுங்கள். போர்ட் என்பது மதர்போர்டில் சாலிடர் செய்த பொருள், கெர்னல் இருக்கும்வரை இருக்கும். கமாண்ட் லிஸ்ட்டும் எஃப்ஐஎஸ் (டிஸ்க் அனுப்பும் தகவல் பொட்டலம்) வந்து விழும் நினைவகமும் போர்ட்டுக்குச் சொந்தம். டிஸ்க் என்பது வந்து போகும் பொருள். சீரியல் எண், கொள்ளளவு, செக்டர் அளவு, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, உயிரோடு இருக்கிறதா என்ற கொடி ஆகியவை அதில்.

காரணம் இது. டிஸ்க்கைப் பிடுங்கிய பிறகும் ஏதோ ஒரு புரோகிராம் அதன் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். ஒரு நிமிடம் இருக்கலாம், மூன்று நாள் இருக்கலாம். அதுவரை பழைய டிஸ்க்கின் ஸ்ட்ரக்ட்டை விடுவிக்க முடியாது. ஆனால் போர்ட்டில் அதற்குள் புது டிஸ்க் வந்துவிடும். இரண்டும் ஒரே ஸ்ட்ரக்ட்டில் இருந்தால் புதியதைப் பழையதின் மேல்தான் எழுதியாக வேண்டும்.

அப்படி எழுதி நான் பட்டது இது. 500 ஜிபி டிஸ்க்கில் பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி, மூன்று விநாடிக்குள் அதே டிரேயில் 1 டிபி டிஸ்க்கைச் செருகினேன். புது மாடல் பெயர் அழகாகத் திரையில் வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை. பஃபர் கேஷ் (டிஸ்க் பிளாக்குகளை நினைவகத்தில் வைத்திருக்கும் அடுக்கு) என்ன செய்தது என்றால், 500 ஜிபி டிஸ்க்குக்கு எழுத வேண்டியிருந்த சூப்பர்பிளாக்கையும் பிட்மேப்புகளையும் (ஃபைல்சிஸ்டத்தின் சொந்தக் கணக்குகள்) சத்தமில்லாமல் 1 டிபி டிஸ்க்கில் எழுதி முடித்தது. அதன் பார்வையில் இரண்டாம் எண் டிஸ்க் என்றால் இரண்டாம் எண் டிஸ்க்தான். இரண்டு வாரச் சோதனை லாக் அந்த 1 டிபி டிஸ்க்கில் இருந்தது.

இதிலிருந்து இன்னொரு விதி: பழைய ஸ்ட்ரக்ட் உயிரோடு இருக்கும்வரை அதன் எண்ணையோ பெயரையோ புதியதற்குக் கொடுக்காதீர்கள். எண்கள் தீர்ந்துபோகாது.

3. காலி போர்ட்டை உயிரோடு வையுங்கள்

பூட் ஸ்கேன் பொதுவாக டிஸ்க் இல்லாத போர்ட்டைத் தாண்டிவிடும். சிலர் சாட்டா கன்ட்ரோலின் கீழ் நான்கு பிட்டில் 4 என்று எழுதி அணைத்தும் விடுவார்கள். அணைத்த போர்ட்டில் எதைச் செருகினாலும் தெரியாது.

கன்ட்ரோலர் உண்மையில் வைத்திருக்கும் எல்லாப் போர்ட்டுக்கும் (பொது ரெஜிஸ்டர்களில் ஹெக்ஸ் 0சி-யில் இருக்கும் பட்டியல்), டிஸ்க் இருக்கிறதோ இல்லையோ, நினைவகம் ஒதுக்குங்கள். கமாண்ட் லிஸ்ட் 1024 பைட், எஃப்ஐஎஸ் இடம் 256 பைட். ஆறு போர்ட்டுக்கும் சேர்த்து 7.5 கேபி. இதில் மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்டப்போவதில்லை. கமாண்ட் டேபிள்களை மட்டும் வேண்டுமானால் டிஸ்க் வந்த பிறகு ஒதுக்கலாம்.

காலி போர்ட்டில் எஃப்ஐஎஸ் வாங்கும் பிட் (கமாண்ட் ரெஜிஸ்டரில் 4) ஆன், ஸ்டார்ட் பிட் (0) ஆஃப், சாட்டா கன்ட்ரோலின் கீழ் நான்கு பிட் 0. ஸ்டாக்கர்டு ஸ்பின்-அப் (டிஸ்க் மோட்டார்களை ஒவ்வொன்றாகச் சுழலவிடுவது) உள்ள கன்ட்ரோலரில் ஸ்பின்-அப் பிட்டையும் (1) ஆன் செய்துவிடுங்கள்.

இதே நேரத்தில் பூட் ஸ்கேனை ஒரே போர்ட்டுக்கான ஃபங்ஷனாகப் பிரித்துவிடுங்கள். பூட்டிலும் செருகும்போதும் அதே ஃபங்ஷன் ஓட வேண்டும். இரண்டு பிரதி வைத்தால் ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் விட்டுப்போகும்.

4. இன்டரப்ட்: வருவது ஒரு பிட், போவது இன்னொரு பிட்

இன்டரப்ட் எனேபிளில் இரண்டு பிட் தேவை. 6-ஆம் பிட் கனெக்ட் மாற்றம், 22-ஆம் பிட் பிஹெச்ஒய் ரெடி மாற்றம் (லிங்க் ஏறியது அல்லது விழுந்தது). புதியவர்கள் 6-ஐ மட்டும் ஆன் செய்துவிட்டு, செருகினால் வருகிறது, பிடுங்கினால் வரவில்லையே என்று கேட்பார்கள். 6-ஆம் பிட் டிஸ்க் அனுப்பும் வரவேற்பு சிக்னலைப் பார்த்து எழுவது. வருகிறவர் கதவைத் தட்டுவார். பிடுங்கப்பட்ட டிஸ்க் எதை அனுப்பும்? லிங்க் விழுந்ததைக் கன்ட்ரோலர் தானே கவனிப்பதுதான் 22-ஆம் பிட்.

இந்த இரண்டையும் இன்டரப்ட் ஸ்டேட்டஸில் 1 எழுதி அழிக்க முடியாது. அவை சாட்டா எரர் ரெஜிஸ்டரின் நிழல்கள். அங்கே 26-ஆம் பிட்டையும் 16-ஆம் பிட்டையும் 1 எழுதித் துடைத்தால்தான் இங்கே விழும். துடைக்காமல் ஹேண்ட்லரை விட்டு வெளியே வந்தால் அடுத்த நொடியே திரும்ப உள்ளே வருவீர்கள். மெஷின் உறைந்தது போல இருக்கும்.

வரிசை இப்படி: முதலில் சாட்டா எரர், அடுத்து போர்ட்டின் இன்டரப்ட் ஸ்டேட்டஸ், கடைசியாகப் பொது இன்டரப்ட் ஸ்டேட்டஸ் (ஹெக்ஸ் 08). பொதுவானதை முதலில் அழித்தால், கீழே இன்னும் நிற்கும் போர்ட் அதை உடனே மறுபடி ஏற்றிவிடும். ஒவ்வொரு உண்மையான இன்டரப்டுக்கும் ஒரு பொய் இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும்.

சி-யில் எழுதுகிறவர்களுக்கு: இந்த ரெஜிஸ்டர்களில் ஒரு பிட்டை மட்டும் அழிக்க அல்லது-சமம் (|=) ஆபரேட்டரைப் போடாதீர்கள். படித்த மதிப்பே திரும்ப எழுதப்படும். நிற்கும் பிட்கள் எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும், நீங்கள் பார்க்காதவையும்.

ஹேண்ட்லருக்குள் வேறு எதுவும் செய்யாதீர்கள். போர்ட்டில் 'உறைந்தது' என்ற கொடியை ஏற்றி, அந்தப் போர்ட்டின் இன்டரப்ட் எனேபிளை 0 ஆக்கி, ஒரு ஒர்க்கர் த்ரெட்டை எழுப்பிவிட்டு வெளியே வாருங்கள். இனி வரும் படிகளில் விநாடிக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதை இன்டரப்டுக்குள் செய்ய முடியாது. கொடியை, கட்டளை அனுப்பும் ஃபங்ஷன் பிடிக்கும் அதே ஸ்பின்லாக்கின் கீழ் ஏற்றுங்கள். இல்லையென்றால் கொடியைப் பார்த்ததற்கும் கட்டளை அனுப்பியதற்கும் நடுவே ஒன்று நழுவிவிடும்.

5. துள்ளல் அடங்கும்வரை காத்திருங்கள்

டிஸ்க்கைச் செருகும்போது லிங்க் ஒரே அடியில் ஏறாது. ஏறும், விழும், மறுபடி ஏறும். டிரேயைக் கொஞ்சம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், ஒரு செருகலுக்கே ஐந்தாறு இன்டரப்ட் வரும்.

ஒர்க்கர் சாட்டா ஸ்டேட்டஸின் கீழ் நான்கு பிட்டை அவ்வப்போது படிக்க வேண்டும். 0 என்றால் யாரும் இல்லை. 1 என்றால் இருக்கிறார், பேச்சு இன்னும் அமையவில்லை. 3 என்றால் லிங்க் ஏறிவிட்டது. லினக்ஸின் சாட்டா டிரைவர் பகுதியான லிப்ஏடிஏ ஹாட் பிளக்குக்கு வைத்திருக்கும் கணக்கு 25 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படிப்பது, 500 மில்லிவிநாடி மாறாமல் இருந்தால் ஏற்பது, 2 விநாடியில் கைவிடுவது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன், மாற்றக் காரணம் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு வரிசைப் பிழை ஒளிந்திருக்கிறது. முதலில் சாட்டா எரரைத் துடைத்துவிட்டு, பிறகு ஸ்டேட்டஸைப் படியுங்கள். ஸ்டேட்டஸைப் படித்துவிட்டு எரரைத் துடைத்தால், நடுவே நடந்த மாற்றத்தின் அடையாளத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

துள்ளல் அடங்கியதும் 3 என்று நிற்கிறதே, பழைய டிஸ்க்தான் திரும்பிவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடாது. நான் மூன்று விநாடியில் டிஸ்க்கை மாற்றினேன், அவசரமானவர் இன்னும் வேகமாக மாற்றுவார். லிங்க் ஒருமுறை விழுந்தால் பழைய டிஸ்க் போனதாகவே வைத்துக் கழற்றுங்கள். லிப்ஏடிஏ மாடலையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டு, அதே டிஸ்க் என்றால் தொடர்கிறது. தளர்ந்த கேபிளுக்கு அது நல்லது. ஆனால் பவரும் சேர்ந்து போயிருந்தால், டிஸ்க் தன் ரைட் கேஷில் வைத்திருந்து இன்னும் தட்டில் எழுதாத டேட்டா போயிருக்கும். சீரியல் எண் அதேதான், உள்ளே இருப்பது நீங்கள் நினைப்பதல்ல. சின்ன கெர்னலில் அந்த நுணுக்கத்தை முதல் பதிப்பிலேயே எழுதப்போகாதீர்கள்.

6. கழற்றல்

படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் தருகிறது.

முதலில் டிஸ்க்கின் உயிர்க் கொடியை இறக்குங்கள். இனி மேலிருந்து வரும் எந்த வேண்டுகோளும் வரிசையில் நிற்காமல் வாசலிலேயே பிழையோடு திரும்ப வேண்டும்.

இரண்டாவது, அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளைகளின் பட்டியலை உங்கள் சொந்த ஸ்லாட் டேபிளிலிருந்து (எந்த இடத்தில் எந்தக் கட்டளை என்ற கணக்கு) எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரிடம் கேட்காதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

மூன்றாவது, போர்ட்டை நிறுத்துங்கள். ஸ்டார்ட் பிட்டை 0 ஆக்கி, அதே கமாண்ட் ரெஜிஸ்டரின் 15-ஆம் பிட் (கட்டளைப் பட்டியல் ஓடுகிறது என்ற அடையாளம்) 0 ஆகும்வரை 500 மில்லிவிநாடி வரை பொறுங்கள்.

இந்த இடத்தில்தான் நான் பார்த்த எல்லா டிரைவரும் ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருக்கிறது. கட்டளை முடிந்ததா என்று கண்டுபிடிக்கப் பொதுவாக எழுதும் வழி, நான் அனுப்பிய ஸ்லாட்டுகளில் எது கமாண்ட் இஷ்யூவில் இப்போது 0 ஆகியிருக்கிறதோ அது முடிந்தது என்பது. சாதாரண நேரத்தில் சரியானதுதான். ஆனால் ஸ்டார்ட் பிட்டை இறக்கியதும் கன்ட்ரோலர் கமாண்ட் இஷ்யூவை முழுவதுமாக 0 ஆக்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ஃபங்ஷன் ஒருமுறை ஓடினால் போதும். டிஸ்க்கே இல்லாத போர்ட்டில் 32 கட்டளைகளும் வெற்றி என்று மேலே சொல்லிவிடும். ஃபைல்சிஸ்டம் எழுதியாயிற்று என்று நம்பி ஜர்னலை முடித்து வைக்கும். எங்கள் கெர்னலில் ஒருவர் எழுதிய காப்பி புரோகிராம், டிஸ்க் மேஜை மேல் கிடக்கும்போது '100 சதவீதம் முடிந்தது' என்று காட்டியது. சிரித்தோம், அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தேடினோம். உறைந்த கொடி ஏறியிருந்தால் முடிப்பு ஃபங்ஷன் எதையும் தொடாமல் திரும்ப வேண்டும், அதுதான் திருத்தம்.

15-ஆம் பிட் 500 மில்லிவிநாடியிலும் இறங்கவில்லை என்றால் காம்ரீசெட் செய்யுங்கள் (லிங்க்கைப் புதிதாகத் தொடங்க வைக்கும் ரீசெட், அடுத்த பகுதியில் வருகிறது). முழுக் கன்ட்ரோலரையும் ரீசெட் செய்வது கடைசி வழி. அது பக்கத்துப் போர்ட்டுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளையும் தட்டிவிடும்.

நான்காவது, ஒவ்வொரு கட்டளையின் டைமரையும் ரத்து செய்யுங்கள். மறந்தால் 30 விநாடி கழித்து இறந்துபோன கட்டளையின் டைமர் எழுந்து, அப்போது அங்கே இருக்கும் புது டிஸ்க்கை ரீசெட் செய்யும். செருகி அரை நிமிடம் கழித்து டிஸ்க் தானாக விழுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பார்ப்பேன்.

ஐந்தாவது, ஒதுக்கி வைத்த கட்டளைகளைப் பிழையோடு முடியுங்கள். எந்தப் பிழை என்பது முக்கியம். பொதுவான உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையைத் தந்தால் மேல் அடுக்கு மறுபடி முயலும், சில ஃபைல்சிஸ்டம் ஐந்து முறை. 'சாதனம் இல்லை' என்ற பிழையைத் தந்து, அதற்கு மறுமுயற்சி கிடையாது என்று மேல் அடுக்கிலும் எழுதி வையுங்கள்.

ஆறாவது, போர்ட் லாக்கை விட்டுவிட்டு, பிறகு மேல் அடுக்குகளுக்குச் செய்தி சொல்லுங்கள். லாக்கைப் பிடித்தபடி சொன்னால், செய்தி கேட்ட ஃபைல்சிஸ்டம் பழக்கத்தில் ஃப்ளஷ் செய்யப் பார்க்கும், ஃப்ளஷ் உங்கள் டிரைவருக்குள் வரும், அதே லாக்கைக் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பஃபர் கேஷ் இந்த டிஸ்க்கின் எழுதப்படாத பிளாக்குகளைத் தூக்கி எறிய வேண்டும். திரும்பி வந்தால் எழுதலாம் என்று வைத்திருக்கக் கூடாது.

ஏழாவது, போர்ட்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் பாயின்டரை வெட்டி, உங்கள் பங்கு ரெஃபரன்ஸைக் குறையுங்கள். எண்ணிக்கை 0 ஆனால் விடுவிப்பு தானாக நடக்கும். அது 0 ஆகும்வரை ஒர்க்கரை நிறுத்தி வைக்காதீர்கள். எங்கோ ஒரு ஷெல் அந்த டிஸ்க்கின் டைரக்டரியில் நின்றுகொண்டிருந்தால் போர்ட் அன்றைக்கு முழுக்கக் காத்திருக்கும்.

கமாண்ட் லிஸ்ட், எஃப்ஐஎஸ் நினைவகம் இரண்டையும் இங்கே விடுவிக்க வேண்டாம். எஃப்ஐஎஸ் வாங்கும் பிட் ஆனில் இருக்கிறது, புது டிஸ்க் வந்ததும் கன்ட்ரோலர் அந்த முகவரியில்தான் எழுதும். அது அப்போது வேறு யாருடைய பக்கமாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

7. செருகல்

துள்ளல் அடங்கி 1 அல்லது 3 என்று நின்றால் ஆள் வந்திருக்கிறார். நான் எப்போதும் காம்ரீசெட் செய்தே தொடங்குகிறேன், லிங்க் ஏற்கெனவே ஏறியிருந்தாலும். பாதிப் பேச்சில் நிற்கும் டிஸ்க்கைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவர அதுவே குறுக்குவழி. ஸ்டார்ட் பிட் 0 என்று உறுதி செய்துகொண்டு, சாட்டா கன்ட்ரோலின் கீழ் நான்கு பிட்டில் 1 எழுதி, குறைந்தது 1 மில்லிவிநாடி பொறுத்து, 0 எழுதுங்கள். சாட்டா ஸ்டேட்டஸ் 3 ஆகும்வரை பாருங்கள்.

நீங்கள் செய்த காம்ரீசெட்டுக்கும் டிஸ்க் அதே வரவேற்பு சிக்னலைத்தான் பதிலாக அனுப்பும். கனெக்ட் மாற்றப் பிட் ஏறும். இன்டரப்ட் திறந்திருந்தால் ஹேண்ட்லர் புது டிஸ்க் என்று ஒர்க்கரை எழுப்பும், ஒர்க்கர் காம்ரீசெட் செய்யும், அதற்கும் பதில் வரும். முடிவே இல்லை. டிஸ்க் விநாடிக்கு ஒருமுறை டிக் டிக் என்று தலையைத் தட்டுவது காதில் கேட்கும். அதனால்தான் நான்காம் பகுதியில் இன்டரப்ட் எனேபிளை 0 ஆக்கினோம். 3 ஆன பிறகு சாட்டா எரர் முழுவதையும் 1 எழுதித் துடைத்து, போர்ட்டின் இன்டரப்ட் ஸ்டேட்டஸையும் துடையுங்கள்.

அடுத்து டாஸ்க் ஃபைலில் பிஸி பிட்டும் (7) டிஆர்க்யூ பிட்டும் (3, டேட்டா பரிமாறத் தயார் என்பது) இறங்கக் காத்திருங்கள். சுழலும் டிஸ்க் வேகம் பிடிக்கப் பல விநாடி எடுக்கும், நான் 30 விநாடி தருகிறேன். எஸ்எஸ்டியில் மட்டும் சோதித்தவர்கள் இங்கே 1 விநாடி வைத்துவிட்டு, பழைய டிஸ்க் வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள். இரண்டும் இறங்கிய பிறகு சிக்னேச்சரைப் படியுங்கள். 00000101 என்றால் டிஸ்க். இபி140101 என்றால் டிவிடி போன்ற பாக்கெட் சாதனம். எல்லாப் பிட்டும் 1 என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஸ்டார்ட் பிட்டை இப்போதுதான் ஏற்ற வேண்டும்.

ஐடென்டிஃபை கட்டளையைக் கொடுத்து 512 பைட்டை வாங்குங்கள். சீரியல் எண் 10 முதல் 19 வரையுள்ள வேர்டுகளில், மாடல் 27 முதல் 46 வரை. ஒவ்வொரு வேர்டிலும் எழுத்துகள் இரண்டும் இடம் மாறி வரும். செக்டர் எண்ணிக்கை 100 முதல் 103, செக்டர் அளவு பற்றிய தகவல் 106-இல். எல்லாவற்றையும் புதிதாகப் படியுங்கள். பூட்டில் படித்த கொள்ளளவையோ என்சிக்யூ ஆழத்தையோ (ஒரே நேரத்தில் எத்தனை கட்டளை ஏற்கும் என்பது) போர்ட்டில் ஒட்டி வைத்திருந்தால் அது இப்போது பொய்.

டிஸ்க் ஸ்ட்ரக்ட்டை முழுவதும் நிரப்பிய பிறகே மேல் அடுக்குக்கு அறிவியுங்கள். அறிவித்த அடுத்த நொடி யாராவது பார்ட்டிஷன் டேபிளைப் படிக்க வந்துவிடுவார்கள்.

கடைசியாக இன்டரப்ட் எனேபிளைத் திறந்து, உடனே சாட்டா ஸ்டேட்டஸை இன்னொரு முறை படியுங்கள். இவ்வளவு நேரம் மூடி வைத்திருந்தபோது டிஸ்க்கை யாராவது மறுபடி பிடுங்கியிருந்தால், நீங்கள் எரரைத் துடைத்தபோது அந்தச் செய்தியும் போயிருக்கலாம். 3 இல்லை என்றால் கழற்றலுக்குப் போங்கள்.

8. பவர் சேமிப்போடு சண்டை

லிங்க் பார்ஷியல், ஸ்லம்பர் என்ற தூக்க நிலைக்குப் போகும்போதும் பிஹெச்ஒய் ரெடி மாறும். 22-ஆம் பிட்டை ஆன் செய்து வைத்துவிட்டுத் தூக்கத்தையும் அனுமதித்தால், ஒவ்வொரு குட்டித் தூக்கமும் டிஸ்க் பிடுங்கியது போலத் தெரியும். சரி, 22-ஐ அணைத்துவிடலாம் என்றால் பிடுங்கியது தெரியாது. தூங்கும் லிங்க்கும் போன லிங்க்கும் கன்ட்ரோலருக்கு ஒன்றுதான்.

ஹாட் பிளக் போர்ட்டில் தூக்கம் வேண்டாம் என்பது என் முடிவு. சாட்டா கன்ட்ரோலின் 8 முதல் 11 வரையுள்ள பிட்களில் 3 எழுதினால் பார்ஷியலும் ஸ்லம்பரும் தடுக்கப்படும். கமாண்ட் ரெஜிஸ்டரின் 26-ஆம் பிட்டையும் ஏற்றாதீர்கள். லேப்டாப்பின் உள் டிஸ்க்குக்கு இது பொருந்தாது. அதை யாரும் ஓடும்போது கழற்றப்போவதில்லை, அங்கே ஹாட் பிளக்கை அணைத்துவிட்டுத் தூங்க விடுங்கள்.

9. சொல்லிவிட்டுக் கழற்றுவது

பயனர் 'வெளியேற்று' என்று கேட்கும் பாதை தனி. மவுன்ட்டை எடுத்து, புது வேண்டுகோள்களை நிறுத்தி, ஃப்ளஷ் கேஷ் கட்டளை, அதற்குப் பதில் வந்த பிறகு ஸ்டாண்ட்பை இம்மீடியட், பிறகு மேலே சொன்ன கழற்றல். ஃப்ளஷுக்கும் தாராளமான நேரம் கொடுங்கள்.

இதில் ஒரு பொறி. டிஸ்க் இன்னும் டிரேயில்தான் இருக்கிறது, சாட்டா ஸ்டேட்டஸ் 3 என்றே காட்டும். ஒர்க்கர் வேறு காரணத்துக்காக எழுந்தால் ஆள் இருக்கிறாரே என்று காம்ரீசெட் செய்து, நின்ற மோட்டாரை மறுபடி சுழலவிட்டு, புது டிஸ்க்காகச் சேர்த்துவிடும். போர்ட்டுக்கு 'வெளியேற்றப்பட்டது' என்று ஒரு நிலை கொடுங்கள். லிங்க் ஒருமுறை விழும்வரை அதிலேயே இருக்கட்டும். போர்ட்டை அணைத்து இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள், அடுத்த டிஸ்க் வருவது தெரியாமல் போகும்.

10. சோதனை

டிரைவருக்குள் ஒரு டீபக் கட்டளை வைத்துக்கொள்ளுங்கள். அது சாட்டா கன்ட்ரோலில் 4 எழுதி லிங்க்கை வெட்டி, ஒர்க்கரைக் கையால் எழுப்ப வேண்டும். இன்னொரு கட்டளை 0 எழுதித் திறந்துவிட்டு, மறுபடி ஒர்க்கரை எழுப்பி காம்ரீசெட் வழியாகச் சேர்க்க வேண்டும். கனெக்டர் தேயாமல் இரவு முழுக்க ஆயிரம் தடவை ஓட்டலாம். ரெஃபரன்ஸ் கசிவுகள் இதில்தான் பிடிபட்டன.

பிறகு கையால். சும்மா இருக்கும் டிஸ்க்கைப் பிடுங்குவது யாருக்கும் வேலை செய்யும், அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்குங்கள். செருகி இரண்டு விநாடியில், மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே, திரும்பப் பிடுங்குங்கள். ஃப்ளஷ் ஓடும்போது பிடுங்குங்கள். பேக்பிளேன் இல்லாவிட்டால் டேட்டா கேபிளை மட்டும் கழற்றுங்கள், டிரைவருக்கு அதுவும் பிடுங்கலே. சுழலும் டிஸ்க்கைப் பவரோடு எடுத்தால் பத்து விநாடியாவது திருப்பாமல் வைத்திருங்கள், தட்டு நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் பிறகு என் மூன்று விநாடி விபத்தைத் திரும்ப நடத்துங்கள். முதல் டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டே இருங்கள். இரண்டாவது டிஸ்க்கின் முதல் 1 எம்பிக்கு வேறு மெஷினில் செக்சம் எடுத்து வைத்திருங்கள். முதலாவதைப் பிடுங்கி, இரண்டாவதை உடனே செருகுங்கள். எழுதிக்கொண்டிருந்த புரோகிராமுக்குச் 'சாதனம் இல்லை' வர வேண்டும், புது டிஸ்க்குக்கு வேறு எண் கிடைத்திருக்க வேண்டும். மவுன்ட் செய்யாமல் இரண்டாவதைக் கழற்றி, முதலில் செக்சம் எடுத்த அதே மெஷினில் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரு பைட் மாறியிருந்தாலும் ஆறாம் பகுதிக்குத் திரும்புங்கள்.